வெள்ளி இல்லாத வெள்ளி

துலூத் நகரில் ஜனவரி.
ஏரி உறைந்து கப்பல்கள் ஒதுங்கிவிட்டதால்
இரும்புத்தாதுத் துறையில் மாரித் கிவேலாவுக்கு
அரை நாள் வேலைதான்.
மீதி நேரம் நிலவறையில்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவே.
ஒட்டுப்பலகைமேல் ஒரு மலை, ஒரு சுரங்கம், இரண்டு நிலையம்.
தண்டவாளம்தான் இன்னும் இல்லை.

பித்தளை இருக்கிறது, அட்டைப்பெட்டி நிறைய.
கான்ராட் பிரிந்தபோது
காரும் நாயும் எனக்கு என்று எழுதிக்கொண்டு
இதை அவள் பங்கில் சேர்த்திருந்தான்.
நாற்பது துண்டு. காசு கேட்காத பித்தளை.

கடைக்கார எமரி
நிக்கல் சில்வர் வாங்கச் சொன்னான்.
விலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
இதில் வெள்ளி எவ்வளவு?
பொட்டுகூட இல்லை என்றான்.
செம்பு, துத்தநாகம், கொஞ்சம் நிக்கல்.
பெயரை நம்பி ஏமாந்தது போதாதா?
இருந்தாலும் ஒரு துண்டு வாங்கினாள்.

எஃகு ஒன்று, பித்தளை ஒன்று, அது ஒன்று.
மூன்றையும் துவைக்கும் இயந்திரத்தின் பின்னால்
ஆவி படும் இடத்தில் ஐந்து வாரம் விட்டாள்.

எஃகுதான் முதலில் தோற்றது.
செம்பொடி விரலில் ஒட்டியது.
வெளியே மலைச்சரிவில்
தாது இழுக்கும் நிஜ ரயில் எஃகின் மேல்தான் போகிறது;
அதன் கனமே துருவைத் தேய்த்துவிடும்.
உள்ளங்கை எஞ்சினுக்குக் கனம் ஏது?

பித்தளை கறுத்திருந்தது.
பன்னிரண்டு வோல்ட் கொடுத்தாள்.
எஞ்சின் விளக்கு மினுங்கி, இருமி, அணைந்தது.
அழிப்பானால் தேய்த்ததும் ஓடியது.
ஞாயிறுதோறும் தேய்க்க வேண்டும்.
ஒன்பது வருஷம் ஞாயிறுதோறும் தேய்த்துப் பார்த்தவள்தான்.

ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை
இங்கே யாரைப் பார்த்தும் இளிக்கவில்லை.

மூன்றாவதும் மங்கித்தான் போயிருந்தது,
லேசாக மஞ்சளோடி.
மங்கிய பிறகும் மின்சாரத்தை மறிக்கவில்லை.
அவ்வளவுதான் அதன் பெருமை.

மார்ச்சில் பாதை முடிந்தது.
பெட்டி மட்டும் காலில் இடறிக்கொண்டே இருந்தது.
ஒருநாள் இரும்பறுக்கும் வாளை எடுத்துப்
பித்தளையைச் சுண்டுவிரல் நீளத்துக்கு அறுத்தாள்.
திறந்த வண்டிகளில் ஏற்றினாள்.
சரக்கு: பழைய உலோகம்.

மலையேற்றத்தில், பாதி வழியில், சக்கரம் வழுக்கியது.
இரண்டு துண்டை எடுத்தாள்.
மறுபடி வழுக்கல்.
இன்னும் மூன்று.
எஞ்சின் நின்று, உறுமி,
மெல்ல ஏறிச் சுரங்கத்துக்குள் போனது.

எடுத்த ஐந்தும் சட்டைப்பையில் இருந்ததை மறந்துவிட்டாள்.
மாடிப்படி ஏறும்போது கிலுங்கின.