நாற்பத்தொரு விரிசல்கள்

கிளைப்பேடாத் துறைமுகம். பிப்ரவரி.
உலர்துறையில் இரண்டு நாளாய்
வாடகை தின்றபடி நிற்கிறது கப்பல்.
அதன் அடிவயிற்றில் நாற்பத்தொரு விரிசல் என்று
கருவி சொல்லிவிட்டது.

வெல்டர் சிட்ரூனாஸ் அதைத் தூக்கிவந்து
என் மேசையில் வைத்தான்.
வைத்தான் என்று சொல்வது மரியாதைக்காக.
"பதினாறு வருடமாக வெல்டிங் அடிக்கிறேன்.
ஒரே தகட்டில் ஏழு விரிசல் விட
குடித்திருந்தால்கூட என்னால் முடியாது."
வாசலில் மேற்பார்வையாளர் அல்கிமந்தாஸ்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பொய் சொல்லத் தெரியாத சாட்சியைக் கூப்பிட்டேன்:
அளவு பார்க்கும் எஃகுக் கட்டி,
பிறந்ததிலிருந்து பெட்டிக்குள் இருப்பது,
உள்ளே ஒரு தழும்பும் இல்லாதது.
ஜெல் தடவி, புரோபை வைத்தேன்.
பச்சைக் கோட்டில் ஏழு முள்.

புரோபைக் கழற்றினேன்.
இப்போது கருவி எதையும் தொடவில்லை.
அப்போதும் ஏழு முள்.
காற்றிலும் விரிசல்.
ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி
கழுநீர்ப் பானைக்குள்.

மூடியில் எட்டுத் திருகு. ஒன்று எப்போதோ தொலைந்து
அதன் துளையில் யாரோ செருகிய பல்குத்தும் குச்சி.

பெருக்கியில் மூன்று படிகள்.
எஃகுக்குள் போய்த் திரும்பும் எதிரொலி
கொசு சொல்லும் ரகசியம் அளவுதான்;
ஒவ்வொரு படியும் அதை வாங்கி
இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.
முதல் படியில் கேட்டேன். அமைதி.
இரண்டாவதில், கெட்டிலில் தண்ணீர் சூடேறத் தொடங்குவதுபோல்
லேசான இரைச்சல். அது இருக்கலாம்.
மூன்றாம் படி
தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

டிரான்சிஸ்டரைச் சந்தேகித்தேன். மாற்றினேன்.
நாற்பது நிமிடம் போனதுதான் மிச்சம்.
அல்கிமந்தாஸ் இருமினார்.
மின்னழுத்தம் பன்னிரண்டு, மீட்டருக்குத் தெரிந்தவரை.
ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால்
அந்தப் பன்னிரண்டு நடுங்குகிறது,
குளிரில் நிற்கும் நாய்போல்.

நடுக்கத்தைத் தரைக்கு அனுப்ப வேண்டிய மின்தேக்கி
நல்லதுதான். அதன் காலும் நல்லது.
கால் ஊன்றிய ஈயத்தில், லென்சுக்கடியில்,
மயிரிழையாய் ஒரு வட்டம்.
பல்குத்தும் குச்சியால் அழுத்தினேன்:
முட்கள் படுத்தன.
விட்டேன்: எழுந்தன.
சிட்ரூனாஸ் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து,
"இதைப் பற்றவைத்தது யார்?" என்றான்.
இரண்டு நாளில் அவன் முகத்தில் முதல் சந்தோஷம்.

ஒரு சொட்டு ஈயம். மூன்று விநாடி. பிசின் புகை.

இரவு ஒன்பதுக்குக் கப்பலடியில் மூவரும்.
ஜெல் உறைவதற்குள் நகர வேண்டும்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை.
அல்கிமந்தாஸ் சாக்பீஸ் வட்டங்களைக்
கையுறையால் அழித்தபடி பின்னால் வருகிறார்.
முப்பதைத் தாண்டியதும்
சிட்ரூனாஸ் சீழ்க்கையடிக்கத் தொடங்கினான்.
நாற்பத்தொன்று, இல்லை.

கையை எடுக்கும்போது புரோப் வழுக்கி
யாரும் வட்டம் போடாத இடத்தில் நின்றது.
ஒரு முள். தனியாக. மெலிதாக.
எடுத்தேன், போயிற்று. வைத்தேன், வந்தது.
நான்கு மில்லிமீட்டர் ஆழம்.

சீழ்க்கை நின்றது.
அவன் கருவியைப் பார்க்கவில்லை, என்னையும்.
அல்கிமந்தாஸின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கித்
தானே ஒரு வட்டம் போட்டுவிட்டு
கிரைண்டரை எடுக்கப் போனான்.