தவணையில் வாங்கிய குளிர்

அபாதானில் அந்தக் கோடையில்
யதுல்லா வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது.
இருபத்துநான்கு தவணை.
தள்ளுவண்டியில் கட்டி இழுத்து வந்தோம் நானும் அவனும்.
பின்னால் தெருப் பிள்ளைகள்,
மாப்பிள்ளை ஊர்வலம்போல.

அவன் அப்பா லூர் மலையிலிருந்து இறங்கி
எண்ணெய்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்.
வெயிலில் கிடந்த தகரக்குவளைத் தண்ணீரைக்
குடித்துவிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வார்.
ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை.
பனிக்கட்டி தெரியாத நாக்குக்கு
வெந்நீர் அநீதியில்லை.

மாருக் விடிந்ததும் கட்டிகளை எண்ணினாள்:
பதினான்கு.
தூபா ஒன்றை வாயிலிட்டுக்
கண்மூடி நின்றாள், வெகுநேரம்.
"அடுத்த வருஷம் கூலர்" என்றான் யதுல்லா,
வெல்டிங் புள்ளிகள் தெறித்த கையைத் துடைத்தபடி.
வானொலி தினம் ஒரு புது எண் சொன்னது.
எண் ஏற ஏற
நாங்களும் ஏறினோம், மனசுக்குள்.

அடுத்த கோடையில் மின்வெட்டு.
நாளுக்கு நாலு மணி நேரம், பிறகு ஆறு.
ஓவர்டைம் நின்றது.
தவணை நிற்கவில்லை.
ஃபிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு நீர்க்கோடு
சமையற்கட்டைத் தாண்டி
வாசலைத் தாண்டித்
தெருவுக்கே வந்துவிட்டது.

துடைக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான்.
வேலிக்கு அப்பால் பிரெய்ம்.
அதிகாரிகளின் பங்களாக்கள்,
புல்லுக்குச் சுழன்று சுழன்று தண்ணீர்,
சன்னல்தோறும் ஏசி உறுமல்.
அந்த விளக்குகள் நேற்றும் எரிந்தவைதான்.
நாங்கள் பிறக்குமுன்பே எரிந்தவை.
நேற்றுவரை அவை நட்சத்திரம்,
யாரும் நட்சத்திரத்திடம் கணக்குக் கேட்பதில்லை.
அன்று ராத்திரிதான்
அது எங்கள் கம்பிக்கு வராத மின்சாரம்
என்று தெரிந்தது.

பல வருஷம் கழித்து
பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்தார், பேனாவோடு.
"பட்டினியா?" என்றார்.
இல்லை ஐயா.
எங்கள் அப்பாக்களைவிட நன்றாகவே சாப்பிட்டோம்.
அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
தேநீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.

இலையுதிர்காலத்தில் வால்வுகளை மூடினோம்.
முப்பது வருஷம் ஓயாத இரைச்சல் ஓய்ந்ததும்
ஊருக்குத் தூக்கம் வரவில்லை.
முதன்முறையாக
நதி ஓடுவது எங்களுக்குக் கேட்டது.

அதற்கு முந்தின வாரமே தூபா
இருண்ட ஃபிரிட்ஜுக்குள் துண்டறிக்கைகளை அடுக்கிவிட்டாள்,
தக்காளிக்குக் கீழே,
பனிக்கட்டித் தட்டிருந்த இடத்தில்.
மாருக் எண்ண உட்கார்ந்தாள்.
பதினான்கைத் தாண்டியும்
எண்ணிக்கொண்டே போனாள்.

தவணை இன்னும் ஒன்பது பாக்கி.