மடிப்பு

ரூவியில், மூன்றாம் மாடியில், ஏசி சொட்டும் சன்னலருகே
எனக்கு வேலை.
கேம்ப்களுக்குப் போகும் அறிவிப்பை
அஞ்சல் ஏற்றுக்கொள்ளும் வடிவில் மாற்றித் தரும் நிரல்.

அஞ்சல் பழைய சுங்கச்சாவடி.
ஏழு பிட்டுக்கு மேல் எதைக் கண்டாலும் சந்தேகம்.
தமிழை அப்படியே விடாது.
மூன்று பைட்டை நான்காய்ப் பிரித்து
ஆங்கில எழுத்தும் எண்ணுமாய் வேடம் கட்டுகிறோம்.
அகரமும் னகரமும் ஒன்றுபோல 4K என்றே தொடங்கும்,
ஒரே கம்பெனிச் சட்டையில் பஸ் ஏறுகிறவர்கள் மாதிரி.
நடுவில் ஓர் இடைவெளி புகுந்தால்
வரிசை கலைந்து, ஆளே மாறிப்போவார்கள்.

தலைப்பு வரிக்குத் தனிச் சட்டம்.
ஒரு துண்டு எழுபத்தைந்துக்கு மேல் நீளக்கூடாது.
நீண்டால் மடி.
மடித்த வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும்.
நான் தனி ஆளில்லை, மேலே இருப்பவனின் மிச்சம்
என்று அதுதான் சொல்லும்.

ஜூனில் அனுப்பினோம்:
நாளை மதியம் வேலை இல்லை

பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.
நாளை, பன்னிரண்டு பைட். இடைவெளி ஒன்று.
மதியம், பதினெட்டு. இடைவெளி.
வேலை, பன்னிரண்டு. இடைவெளி.
நாற்பத்தைந்து. ஒரு சொட்டு சிந்தாமல் துண்டு நிறைந்தது.
அடுத்த வரிக்குப் போனது
4K6H4K6y4K+N4K6y4K+I
அதன் முன்னால், நான் எழுதிய நிரலில்,
இடைவெளி இல்லை.

வழியில் ஏதோ ஒரு சர்வர்
இது யாருடையது என்று கேட்டிருக்கும்.
கீழே போட்டிருக்கும்.

ஹிலாலின் அரபி அறிவிப்பு முழுதாய்ப் போயிற்று.
எழுத்துக்கு இரண்டே பைட், மடிப்பே விழவில்லை.
மலையாளம் ஒரு சொல்லின் நடுவில் முறிந்தது,
பார்த்ததுமே தப்பு என்று சிரித்துவிட்டார்கள்.
தமிழ்தான்
அர்த்தத்தோடு முறிந்தது.

உள்ளே விவரம் எல்லாம் இருந்தது.
கம்பி கட்டுகிற கையோடு யார் திறந்து படிக்கிறார்கள்?
வெயில் ஓய்வு நாளைக்குத் தொடங்கும் என்று பேச்சு இருந்ததாம்.
போனில் வேலை என்றே வந்துவிட்டதாம்.
பர்காவில், நாற்பத்தாறு டிகிரியில்,
ஒன்றே முக்காலுக்கு உட்கார்ந்த இசக்கிராஜை
இருவர் தூக்கினார்கள்.
சலைன் இரண்டு பாட்டில்.

திருத்தம் ஒரு வரிகூட இல்லை,
மேற்கோள் குறிக்குள் ஒரு தட்டு.
சரிபார்த்தவன் எழுதினான்:
என்ன மாற்றினாய், ஒன்றும் தெரியவில்லையே.

நம்பர் யார் கொடுத்தார்களோ, இசக்கிராஜ் கூப்பிட்டார்.
நான் பைட், மடிப்பு என்று ஆரம்பித்தேன்.
"அது கெடக்கட்டும் மேடம்.
அன்னைக்கு நின்ன நேரத்துக்கு
ஓவர்டைம் போடுவாங்களா?"

சோதனைகளில் அந்த வாசகத்தைச் சேர்த்திருக்கிறேன்.
தினமும் இரவு இரண்டு மணிக்கு
நிரல் அதை மடித்து, விரித்து, ஒப்பிட்டு
பச்சை காட்டுகிறது.
எவரும் இல்லாத ஒரு முகவரிக்கு
நாளை மதியம் வேலை இல்லை.

ஓவர்டைம் பற்றி அக்கவுண்ட்ஸுக்கு
மூன்று மெயில் போட்டாயிற்று.
மூன்றும் முழுதாகவே போயின.