முப்பத்தெட்டு கார்ட்டன்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றுதான்
தவசீலனை எடுத்தேன்.
நேர்காணலுக்கு வந்த அன்றே
கீழ்த்தளத்துக் கோப்பிக்கடை அம்மாவிடம்
என் பெட்டியின் விலையைச் சொல்லிவிட்டுத்தான்
மாடி ஏறியிருந்தான்.

யூபியில் மூன்றாம் மாடி, சன்னல் இல்லாத யூனிட்.
நாங்கள் விற்பது சாப்பாடு கட்டும் காகிதப் பெட்டி.
எண்ணெய் கசியாது. சூப் நின்றால் ஊறிவிடும்.
இரண்டாவதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.
நானும் சொல்லச் சொன்னதில்லை.

அடிப்படை ஆயிரத்து இருநூறு வெள்ளி, மசேநி தனி.
மாதம் பன்னிரண்டாயிரம் விற்றால் நூற்றுக்கு ஆறு.
எட்டாவிட்டால் மூன்று.
தொடர்ந்து மூன்று மாதம் எட்டாவிட்டால்
வர வேண்டாம்.
அந்தக் கடைசி வரியை எழுதியது வக்கீல் இல்லை.
ராத்திரி பதினோரு மணிக்கு நானே எழுதினேன்,
முன்பு இருந்தவன் ஆறு மாதம்
குளிர்சாதனக் காற்று வாங்கிக்கொண்டு
சம்பளமும் வாங்கிப்போன எரிச்சலில்.

முதல் வருடம்
தவசீலன் சில மாதம் என்னைவிட அதிகம் சம்பாதித்தான்.
காசோலையில் கையெழுத்திடும்போது பேனா கொஞ்சம் தயங்கும்.
பொறாமைதான், வேறென்ன.

பிறகு ஏப்ரல் எட்டவில்லை.
மே எட்டவில்லை.
வெள்ளைப்பலகையில் அவன் பெயருக்கு எதிரே
சிவப்பு மார்க்கர், என் கையெழுத்து.

ஜூன் முப்பது, மாலை நான்கு மணி.
யீஷூனில் புதுக்கடை பிடித்துவிட்டேன் என்றான்.
கேட்டரிங். ரொக்கம். முப்பத்தெட்டு கார்ட்டன்,
ஒன்று நாற்பத்தெட்டு வெள்ளி.
கூட்டிப் பார்த்தால் அந்த மாதம்
மிகச் சரியாகப் பன்னிரண்டாயிரம்.
ஒரு வெள்ளி கூடவில்லை, குறையவில்லை.
உலகத்தில் எந்த வாடிக்கையாளரும்
அப்படி வாங்குவதில்லை என்று
எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.
நான் கைதட்டினேன்.
வெய் லிங்கைக் கூப்பிட்டு,
பார், இப்படித்தான் முடிக்கணும் என்றேன்.

ஆகஸ்டில் லாரி ஓட்டும் ரோஸ்லி
சாவியை மேசையில் வைத்தபடி சொன்னார்:
பாஸ், அந்தக் கடை வாசல்ல
பள்ளிக்கூடச் சப்பாத்து கிடந்துச்சு.

பதினோராம் மாடி. கதவைத் திறந்த சிறுமிக்கு ஒன்பது வயதிருக்கும்.
பாம்ப் ஷெல்டர் நிறைந்து, கூடத்துக்கு வழிந்து,
சுவர் முழுக்க என் கம்பெனிப் பெயர்,
சில இடத்தில் தலைகீழாக.
இரண்டு கார்ட்டன்மேல் பலகை போட்டு
அவள் கணக்குச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.
பின்னம்.

தவசீலன் சமையலறையிலிருந்து
சோற்றுக் கையோடு வந்தான்.
நூறு கடையில் பேசிய வாய்
ஒன்றும் பேசவில்லை.

நின்றபடியே நானும் ஒரு கணக்குப் போட்டேன்.
போட்டது ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு.
அதனால் கூடுதலாக வந்தது நானூற்றுச் சொச்சம்.
நட்டத்துக்கு ஏமாற்றுகிறவனை
எந்தக் கணக்கில் எழுதுவது?
அவன் வாங்கியது கமிஷன் இல்லை.
என் கடைசி வரியிடமிருந்து
இன்னும் மூன்று மாதம்.

மறுநாள் லாரி அனுப்பினேன்.
பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரை அந்தச் சிறுமி
நோட்டை மார்போடு தூக்கிப் பிடித்தே நின்றாளாம்,
வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதுபோல.
பணத்தைத் திருப்பித் தந்தேன்,
அந்தக் கமிஷனைக் கழித்துக்கொண்டு.
கழிக்காமல் விட்டிருக்கலாம்.
கழித்தேன்.

தவசீலன் இப்போது காக்கி புக்கிட்டில்
குழாய்ச் சாமான் விற்கிறான்.
தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறான்,
கூடவே ஒரு விலைப்பட்டியல்.

அந்த வரியை எடுத்துவிடத்தான்
ஒப்பந்தக் கோப்பைத் திறந்தேன்.
திறந்தே இருக்கிறது.
வாடகை கூடியிருக்கிறது.
வெய் லிங்குக்கு இது இரண்டாவது மாதம்.

ரோஸ்லியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்:
மாசக் கடைசியில் போகிற சரக்கு,
வாசலில் சப்பாத்து கிடந்தால்
இறக்காதீர்கள்.
எனக்கு ஒரு போன் போடுங்கள்.