செந்தூல், ஒரு மீட்டர் ஆழம்

இருபத்து மூன்று நாளாய் மழையில்லை.
அதே இடத்தில் அதே கேபிள்
இந்த மாதம் இரண்டாவது முறை வெடித்திருக்கிறது.

இரவு பதினொன்றுக்குச் சாலையை உடைத்தோம்.
தார், ஜல்லி, செம்மண்,
ஆபத்து என்று மூன்று மொழியில் கத்தும் மஞ்சள் நாடா,
அப்புறம் மணல்.
அள்ளினால் கையில் நிற்கவில்லை,
வறுத்த ரவையாய் விரலிடுக்கில் ஓடியது.
தூங்குமூஞ்சி மரத்து வேர்கள் முடிமுடியாய் வந்து
குடித்துவிட்டுப் போயிருந்தன.
மரத்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கும் மழையில்லை.

அஸ்ஹாரி ஊசியை இறக்கினான்.
ஊசியைக் கொஞ்சம் சுடவைத்து,
அந்தச் சூட்டை மண் எப்படி வாங்கிக்கொள்கிறது
என்று பார்ப்பதுதான் வேலை.
எண் ஏறினால் மண் கைவிரிக்கிறது என்று பொருள்.
வரைபடத்தில் ஒன்று புள்ளி இரண்டு.
ஊசியில் மூன்றைத் தாண்டி நின்றது.

கேபிள் சுடச்சுட
பக்கத்து ஈரம் நகர்ந்துவிடும்.
ஈரம் போனால் சூட்டுக்கு வழியில்லை.
வழியில்லாத சூடு
மிச்ச ஈரத்தையும் துரத்தும்.
பயிற்சியில் இதற்கொரு படம் காட்டினார்கள்.
எனக்குத் தேவைப்படவில்லை.
நானும் என் தம்பியும் பேச்சை விட்டது
இதே கணக்கில்தான்.

மேலே பதினேழு மாடியும் இருட்டு.
ஜன்னலுக்கு ஓர் ஏர்கோன்.
அங்கே குளிர்ந்ததற்கெல்லாம்
இங்கே மணல் வெந்திருக்கிறது.

ஒன்றரை மணிக்கு ஒரு பெண்
கைப்பேசி வெளிச்சத்தில் படியிறங்கி வந்தாள்.
ஆறாம் மாடி, பெயர் தவமலர்,
இடுப்பில் தூங்காத பிள்ளை.
"எப்ப வரும் கரண்ட்டு?"
மண் காய்ந்த கதையைச் சொன்னேன்.
"அப்ப தண்ணி ஊத்த வேண்டியதுதானே?"
சற்குணன் குழிக்குள்ளிருந்தே சிரித்தார்:
"ரெண்டு நாள் தாங்காதும்மா.
நாளைக்கு சிமெண்டு கலந்த மணல் வருது,
அது காஞ்சாலும் சூட்டை விடும்."

போனாள்.
மறுபடி வந்தாள், ஒரு வாளியோடு.
லிப்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை,
குழாயில் காற்றுதான்.
பிள்ளையைக் குளிப்பாட்டிப் பிடித்துவைத்த தண்ணீர் அது.
"ஜாயிண்ட் பக்கம் வேண்டாம்!" என்று நான் கத்த,
குழியின் மறுகோடியில் கவிழ்த்துவிட்டு
வாளியை உதறிக்கொண்டே மேலே போனாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
கொஞ்சம் பொறுத்து அஸ்ஹாரி
ஊசியை அங்கே கொண்டுபோய்க் குத்தினான்.
சுழியம் புள்ளி ஒன்பது.
பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சோப்பு நுரை மட்டும்
மணல்மேல் கொஞ்ச நேரம்
வெடிக்காமல் இருந்தது.