ஏழு படங்களில் மூன்றாவது

தாளில் எழுதியிருக்கிறது:
வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப்
பத்து நிமிடம் சும்மா இருக்கவும்.
கண் இருட்டுக்குப் பழகட்டும்.

கீழே ஏழு படம்.
முதலாவதில் நாலே புள்ளி.
ஏழாவதில் எள் சிந்தியதுபோல்.
உங்கள் வானம் இவற்றுள் எது?

சும்மா இருந்து பழக்கமில்லை எனக்கு.
தண்ணீர்த் தொட்டி மூடிமேல் உட்கார்ந்தேன்,
இரண்டு ஸ்வெட்டர், காதுக்குக் குல்லா.
கேத்தியில் தை அமாவாசை.
முட்டைக்கோஸ் கருகும் குளிர்.

பக்கத்து வீட்டு ரங்கி ஜன்னலைத் திறந்து
"லைட்டை ஏன் அணைச்சே? நேத்துத்தான்
சர்ச் வாசல் வரைக்கும் கரடி வந்துச்சு" என்றாள்.
நட்சத்திரம் எண்ணுகிறேன் என்றேன்.
தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

எண்ணுவது என் தொழில்தான்.
கீழே, போஜன் அண்ணனின் கேரட் கழுவும் ஷெட்டில்
பகலெல்லாம் மூட்டைக் கணக்கு.
ஒன்று விட்டுப்போனாலும்
மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வரும்.
வானத்திலிருந்து யாரும் கூப்பிடப்போவதில்லை என்பதால்
கொஞ்சம் கூடுதல் கவனமாக எண்ணினேன்.

வேட்டைக்காரன் இடுப்பில் மூன்று.
தோளில் சிவப்பாகத் திருவாதிரை.
மறுதோளில் ஒன்று. காலுக்கு ஒன்றாக இரண்டு.
ஏழா, எட்டா?
அந்த எட்டாவது,
நேராகப் பார்த்தால் இல்லை,
பக்கத்தில் பார்த்தால் இருக்கிறது.

பள்ளத்தில் ஷெட்டின் நான்கு ஃபோகஸ் லைட்டும்
பனியைப் பால்போல் காய்ச்சிக்கொண்டிருந்தன.
என் சம்பளம் அந்த வெளிச்சத்தில்தான் கழுவப்படுகிறது.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.

முதலில் ஷெட், பிறகு லவ்டேல் பக்கம்,
பிறகு ரங்கியின் ஜன்னல்.
கழுவும் உருளை முனகி நிற்பது மேலே வரை கேட்டது.

நிமிர்ந்தால்
வேட்டைக்காரனைக் காணோம்.
அவ்வளவு கூட்டத்தில் எங்கே தேடுவது அவனை?
மூட்டை பிரிந்து தரையெல்லாம் உருண்டால்
எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல்
கையைக் கட்டி நிற்போமே,
அப்படி நின்றேன்.
கரடி நினைவே வரவில்லை.

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது.
மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
பேனா ஏழுக்குப் போனது.
ஆனால் அவர்கள் கேட்பது
இந்த வீட்டிலிருந்து, சாதாரண ராத்திரியில்,
என்ன தெரிகிறது என்பதைத்தான்.
மூன்று என்று எழுதினேன்.

"வேறு குறிப்பு" என்ற இடத்தில்:
நாலு நிமிடம் நிறைய இருந்தது.
எண்ணவில்லை.

பிறகு வாசல் விளக்கைப் போட்டேன்,
ரங்கி தூங்கட்டும் என்று.