திருநீற்றுப் புதன், அண்டியாபீஸ்

ஐந்தரைப் பூசைக்கு இரண்டாம் மணி அடித்தபோது
நான் புதுக்கடை பஸ்ஸின் படியில் நின்றேன்.
பதினோரு மணிக்கு ஏற்றுமதி லாரி.
ஆறு மணிக்குப் பலகையில் இல்லாதவள்
நாளைக்கும் வர வேண்டாம் என்று
மேஸ்திரி நேற்றே சொல்லியிருந்தார்.
குருசடி தாண்டும்போது சிலுவை போட்டுக்கொண்டேன்,
கம்பியைப் பிடிக்காத கையால்.
அது இடது கை.
மன்னிக்கட்டும்.

ஊர் முழுக்க இன்று நெற்றியில் சாம்பல்.
எனக்கு வருஷம் முழுக்கக் கையில்.
அண்டித் தோட்டின் எண்ணெய் தோலைத் தின்னாமலிருக்க
சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் தல்லுகிறோம்.
என்றாலும் தின்கிறது.
ஆதாருக்கு ரேகை எடுக்கப் போனபோது
அந்தச் சின்ன இயந்திரம்
மூன்று தடவை என்னை மறுதலித்தது.
சேவல் ஒன்றும் கூவவில்லை.
ஈரத்துணியால் துடைத்துவிட்டு
இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

கட்டையால் ஒரு தட்டு,
தோடு பிளக்கும், பருப்பு வரும்.
முழுசாக வந்தால் முழுக்கூலி,
உடைந்தால் அது வேறு கணக்கு.
தட்டுக்கு ஒரு மங்கள வார்த்தை என்று
தொடங்கிப் பார்த்திருக்கிறேன்.
பாதியில் அபிஷாவின் நர்சிங் பீஸ் வந்துவிடும்,
பிறகு வியாழக்கிழமைக் குழுக்கடன்,
பிறகு கொச்சியில் கொத்துவேலைக்குப் போய்
போன் எடுக்காத அவள் அப்பா.
கடைசியில் கட்டைச் சத்தம் மட்டும் மிஞ்சும்.
அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.
நம்பாத நாளும் உண்டு.

முன்பெல்லாம் நற்கருணைக்கு நாக்கை நீட்டுவேன்.
நோய்க்காலத்துக்குப் பிறகு கையில்தான் என்றார்கள்.
இந்தக் கையிலா?
சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு
பெஞ்சிலேயே இருந்துவிடுவேன்.
என்ன பாவமோ இவளுக்கு என்று
பக்கத்தில் இருப்பவள் நகர்ந்து
எனக்காக ஒருமுறை பெருமூச்சு விட்டாள்.

எட்டரைக்குச் சாயா வந்தது.
அடுத்த பலகை வசந்தகுமாரி,
முத்தாரம்மன் கோயில் கொடைக்கு
வருஷா வருஷம் லீவு கேட்டு ஏச்சு வாங்குகிறவள்.
"வடை வேண்டாமா ரோஸ்லெட்?"
"ஒருசந்தி. இன்னைக்குத் திருநீறு பூசுவாங்க.
போக முடியல்ல."
"உங்களுக்கும் திருநீறா?"
கேட்டவள் சிரிக்கவில்லை.
சாம்பல் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.
மூன்று விரல் பழக்கத்தில் என் நெற்றிவரை வந்து
நின்றது.
"குறுக்கா, நெடுக்கா?"
"ரெண்டும்."
இரண்டு விரலை மடக்கிக்கொண்டு
மீதி ஒன்றால் போட்டாள்,
முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு,
கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கவனத்தோடு.
"என்னமோ சொல்லுவாங்கல்லா?"
"நீ மண்ணு, மண்ணுக்குத்தான் போவேண்ணு."
"அதுக்கு ஒரு சாமியார் வேணுமாக்கும்" என்றாள்.
"நானும் மண்ணுதாண்டி.
சாயா ஆறுது, குடி."

எண்ணெய் கலந்த சாம்பல்.
நெற்றி லேசாக எரிந்தது.
சாயங்காலம் வரை எரிந்துகொண்டே இருந்தது.
கண்டக்டர் சில்லறை தரும்போது
"நெத்தியில கரி, அக்கா" என்றார்.
"தெரியும்" என்றேன். துடைக்கவில்லை.

வேறொன்றும் மாறிவிடவில்லை.
லாரிகூட இரண்டு மணிக்குத்தான் வந்தது.
வியாழக்கிழமை குழுக்காரன் வந்தான்,
பாதி கொடுத்தேன், மீதிக்கு ஏசினான்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றேன்.
புதிதாக வந்த சாமியார்,
மின்விசிறி இல்லாத பக்கம், பாவம், வேர்த்து ஒழுகுகிறது.
என் முறை வந்ததும்
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையையும் நீட்டினேன்.
கறுத்த வெடிப்புகளுக்கு நடுவே
வெள்ளையாக வந்து உட்கார்ந்தது அப்பம்,
உடையாமல் எடுத்த முழுப்பருப்பு மாதிரி.
மேஸ்திரி பார்த்தால் முதல் தரம் என்பார்.
அந்த நினைப்பில்
ஆமென் சொல்ல மறந்து
சிரித்துவிட்டேன்.